மலைச்சிட்டும் மருதாணி முடியும்

பேச்சியம்மாளின் கதவு சாத்தியிருந்தது.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பவர்கள் பம்பாயில், செம்பூரில் எங்கள் பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியைப் பார்த்ததில்லை. எதிரும் புதிருமாக இரண்டே வீடுகள், நடுவில் கம்பி அடித்த பாசேஜ். காலையில் பால் பாக்கெட் எடுக்கத் திறக்கும் கதவை இரவு படுக்கப் போகும்போதுதான் சாத்துவோம். என் வீட்டுக் குக்கர் கூடுதலாக விசில் அடித்தால் அவள் தன் அடுக்களையிலிருந்தே, "மாமி, அடுப்ப அணைங்க" என்று குரல் கொடுப்பாள். அவள் வீட்டில் கருவாடு வறுபடும் நாளில் மட்டும், என்னை உத்தேசித்து அந்தக் கதவு பாதி சாயும்.

அன்று முழுசாகச் சாத்தியிருந்தது. கிண்ணம் நிறையக் கீரை மொளகூட்டலோடு நான் வெளியே நின்றேன். மணியை அடித்ததும் உள்ளே ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் குறைந்தது. யாரும் வரவில்லை. சற்று நேரத்தில் சத்தம் மறுபடி கூடியது.

மூன்று வாரமாக ஊருக்குப் போயிருந்தவள் அன்று காலைதான் வந்து இறங்கியிருந்தாள். அசதியில் இருக்கிறாள் போலிருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு திரும்பினேன். ஆனால் அசதியாக இருப்பவர்கள் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காத்திருப்பதில்லை. அது எனக்கும் தெரியும்.

கேபிள் வயரில் தொங்கிய செய்தி

அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒரு செய்தி இருந்தது. சொல்லாமல் அடக்கி வைத்ததில் எனக்கு வயிறே உப்பிப் போயிருந்தது. அந்தச் செய்தி அவள் வாசலில், நிலைக்கு ஒரு முழம் தள்ளி, கேபிள் வயரில் தொங்கிக்கொண்டிருந்தது.

எல்லோரும் கேபிளை விட்டுவிட்டு டிஷ்ஷுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. பழைய வயரை அறுத்துவிட்டுப் போனவன் மிச்சத்தைச் சுருட்டி எடுத்துப் போகவில்லை. பேச்சியின் வாசலில் அதன் நுனி ஒரு வளையம்போல் தொங்கும். சொசைட்டி மீட்டிங்கில் ஒவ்வொரு தடவையும் அதைப் பற்றிப் பேசி, ஒவ்வொரு தடவையும் டீ குடித்துக் கலைவார்கள்.

பேச்சி ஊருக்குப் போன மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, என் கணவர் ஹரிஹரன் பல் தேய்த்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். "விசாலம், இங்க வா. சத்தம் போடாம வா."

கட்டைவிரல் பருமன்கூட இல்லாத ஒரு பறவை, வளைந்த மூக்கில் ஒரு நார்த்துணுக்கோடு அந்த வளையத்தில் தொற்றிக்கொண்டிருந்தது. பாசி நிறம். இடுப்பில் மட்டும் குங்குமத்தைத் தொட்டு வைத்தாற்போல ஒரு சிவப்பு.

"தேன்சிட்டுதானே, இதுக்கா இத்தனை ரகசியம்?" என்றேன். எங்கள் பால்கனி இட்லிப்பூச் செடிக்குத் தினமும் வருகிற கூட்டம்தான் அது.

"இது அது இல்லைடி," என்றார். வாயில் பேஸ்ட் நுரை. "ஊர்ச்சிட்டுல பொம்மனாட்டிக்கு இந்தச் செவப்பு கிடையாது. இது மலைக்காட்டுச் சிட்டு. மேற்கு மலையை விட்டுக் கீழ எறங்கவே எறங்காது. எறங்கினாலும் மழைக்காலத்துல ஒரு நடை வந்துட்டுப் போயிடும். கூடு கட்டறதாவது, அதுவும் செம்பூர்ல."

வாயைக் கொப்பளிக்காமலேயே ஆபீசுக்குக் கிளம்பியிருப்பார், நான் நினைவுபடுத்தியிருக்காவிட்டால்.

மாத்தேரானில் குரங்கு பார்த்த கதை

அந்தச் சிட்டுக்கும் எனக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு.

கல்யாணம் ஆன புதிதில் இவர் என்னை மாத்தேரான் மலைக்கு அழைத்துப் போனார். மாட்டுங்காவிலிருந்து வெளியே எங்கும் போயிராத பெண் நான். கோயில், பூக்கடை, ஸ்டேஷன் பாலம், டைப்ரைட்டிங் கிளாஸ், அதோடு என் உலகம் முடிந்தது. மலை, குதிரை, பனி என்று என்னென்னவோ கற்பனை செய்துகொண்டு, அக்காவிடம் கடன் வாங்கிய ஸ்வெட்டரோடு போனேன்.

இவர் வந்தது பறவைக்கு. மலைக்காட்டுத் தேன்சிட்டு என்று ஒன்று உண்டாம். உச்சந்தலை பச்சை, தொண்டை ஊதா, முதுகு இரத்தச் சிவப்பு, வயிறு மஞ்சள். ஒருவர் கல்யாணத்துக்கு உடுத்திக்கொள்ளும் எல்லா நிறத்தையும் அது ஒன்றாகவே உடுத்தியிருக்குமாம். அதைக் காட்டுகிறேன் என்று ஒவ்வொரு மரத்தடியிலும் என்னை நிற்க வைத்தார். கடைசிவரை நாங்கள் பார்த்தது குரங்கு. அது என் கையிலிருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு போனது. ரயிலில் திரும்பும்போது, "அடுத்த தடவை கண்டிப்பா" என்றார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இவருக்கு டிராம்பேயில் வேலை. பஸ்ஸில் போகும்போது அங்கிருக்கும் குன்றின் பச்சையையே பார்த்துக்கொண்டு போவாராம், அங்கேயாவது இருக்காதா என்று. இத்தனை வருஷம் தேடியது கடைசியில் அறுந்த கேபிள் வயரைத் தேடி வந்திருக்கிறது. மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பறவை தெரிந்த நண்பர்களிடம் சொன்னார், ஒருவரும் நம்பவில்லை. வெயிலில் உனக்குக் கண் கூசியிருக்கும் என்று ஒருவர் சொன்னதற்கு ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

கட்டடத்தில் யாரிடமும் சொல்லாதே என்றார். கூட்டம் கூடினால் பறவை கூட்டை விட்டுவிட்டுப் போய்விடும்.

"பேச்சிகிட்ட?"

"அவ வாசல். அவகிட்ட சொல்லாம முடியுமா? வந்ததும் சொல்லிக்கோ."

அதற்காகத்தான் நான் மொளகூட்டலோடு நின்றேன்.

பாசேஜ் மாநாடு

பேச்சியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகித் தாராவிக்கு வந்தவள். புருஷன் தோல்பை தைக்கும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு தனியாகப் பட்டறை போட்டு, நன்றாக வந்து, செம்பூரில் வீடு வாங்கி ஒரு வருஷம்கூட இருக்காமல் போய்ச் சேர்ந்தார். பட்டறையை மகன் கணேசன் பார்த்துக்கொண்டிருந்தான். மருமகள் செல்வி தாராவியிலேயே பிறந்து வளர்ந்த பெண். பாதி தமிழ், பாதி இந்தி, இரண்டுக்கும் நடுவில் ஒரு சிரிப்பு.

குடிவந்த புதிதில் பேச்சி என்னைப் பார்த்தால் ஒதுங்கிப் போவாள். நானும் அவளிடம் அளந்துதான் பேசினேன். எங்களைச் சேர்த்து வைத்தது என் நரை. சாயம் ஒத்துக்கொள்ளாமல் என் நெற்றியெல்லாம் தடித்துப் போயிருந்ததைப் பார்த்துவிட்டு அவளாகவே வந்தாள். "மருதாணி அரச்சு வச்சு விடுதேன், உக்காருங்க மாமி."

அன்றிலிருந்து மாதம் ஒரு சாயங்காலம் என் தலை அவள் கையில். மற்ற நாட்களில் நாலு மணிக்கு மேல் இரண்டு பேரும் பாசேஜில் உட்கார்ந்து தலை வாருவோம். ஊர்க்கதை எல்லாம் அங்கேதான் அலசப்படும். சீப்பில் வரும் முடியை நான் சுருட்டிக் கம்பியில் சொருகிவிடுவேன். பேச்சிக்கு அது மட்டும் பொறுக்காது.

"முடிய இப்படிப் போடாதிய மாமி. எவளாவது எடுத்துட்டுப் போயி ஒண்ணு கெடக்க ஒண்ணு செஞ்சிருவா."

"என் முடிய எடுத்து என்னடி பண்ணப் போறா?"

"அறியாம பேசுதிய. முடியும் காலடி மண்ணும் கெடச்சா போதும், ஒரு குடும்பத்தையே அழிச்சிரலாம்."

தன் முடியை அவள் எச்சில் தொட்டு உருட்டி, தீக்குச்சி வைத்துக் கொளுத்திவிடுவாள். செல்வியின் முடியையும் அப்படித்தான். அதுவும் செல்வி முழுகாமல் இருக்கத் தொடங்கியதிலிருந்து அந்த வீட்டுக் காவல் பலமடங்கு ஆகிவிட்டது. ஏற்கெனவே இரண்டு தடவை தங்கவில்லை. இந்தத் தடவை மாதங்கள் நல்லபடியாக நகர்ந்துகொண்டிருந்தன. பேச்சி ஊருக்குப் போனதே குலதெய்வத்தின் கொடைத் திருவிழாவில் அதற்காக வேண்டிக்கொள்ளத்தான். அவள் திரும்பும்வரை செல்வியும் கணேசனும் தாராவியில் செல்வியின் அம்மா வீட்டில் இருந்தார்கள்.

செல்வி சொன்னது

கதவு அடுத்த நாளும் சாத்தியிருந்தது. அதற்கடுத்த நாள் மாடிப்படியில் எதிரே வந்த பேச்சி, சேலைத் தலைப்பை வயிற்றோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு, என் நிழல் படாதபடி சுவரை ஒட்டி நடந்தாள். நான் "பேச்சி" என்றேன். அவள் நிற்கவில்லை.

எனக்கு அழுகை வந்தது. வாய்விட்டுச் சொன்னால் என்ன, வந்தது. என்ன தப்பு செய்தேன் என்று தெரியாமல் தண்டனை அனுபவிப்பது மாதிரி வேறொன்று இல்லை.

உண்மையைச் சொன்னது செல்விதான். மாமியார் காய்கறிக்குப் போன நேரம், கதவைக் கொஞ்சமாகத் திறந்து, கிசுகிசுவென்று பேசினாள்.

"மாமி, அத்தை பஹுத் டென்ஷன்ல இருக்காங்க. வாசல்ல யாரோ செய்வினை கட்டிட்டாங்கன்னு சொல்றாங்க."

"யாரு கட்டினா?"

அவள் தரையைப் பார்த்தாள். "அதுல ஒங்க முடி இருக்கு மாமி."

நான் அப்போதுதான் அந்தக் கூட்டைப் பேச்சியின் கண்ணால் பார்த்தேன். சிலந்தி நூலால் இழுத்துக் கட்டிய ஒரு பை. காய்ந்த பட்டை, புழு எச்சம், எங்கோ பொறுக்கிய சிவப்பு நூல். எல்லாவற்றையும் சுற்றி, மருதாணி ஏறிச் செம்பட்டையான முடி. அந்த முடியை உலகத்தில் வேறு யார் மறந்தாலும் பேச்சி அடையாளம் தெரிந்துகொள்வாள். அதற்கு நிறம் கொடுத்ததே அவள் கை. போதாக்குறைக்கு, நாங்கள் கிழித்துப் போட்ட தினக் காலண்டர் தாளில் ஒரு துணுக்கு முன்பக்கமாக ஒட்டியிருந்தது. அதில் நன்றாகத் தெரிந்த எழுத்து 'ராகு'.

பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டு வாசலில் இதைப் பார்த்தால் நான் மட்டும் என்ன நினைத்திருப்பேன்?

அதைவிட வேறொரு பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. பேச்சி பேசாமல் இருந்தால் தாங்கிக்கொள்ளலாம். இந்தக் குழந்தைக்கும் ஏதாவது ஆகிவிட்டால், அந்தப் பழி ஆயுசுக்கும் என் தலையில். நான் ஒன்றும் செய்யவில்லை என்று யாரிடம் போய் நிரூபிப்பது?

எலுமிச்சம்பழத்தோடு வந்தவர்

ஞாயிற்றுக்கிழமை காலை பாசேஜில் பேச்சுக் குரல் கேட்டது. கதவைத் திறந்தேன். தாராவியிலிருந்து ஒருவரைக் கணேசன் அழைத்து வந்திருந்தான். நெற்றி நிறையத் திருநீறு, கையில் வேப்பிலை, எலுமிச்சம்பழம், ஒரு நீள இடுக்கி. இடுக்கியால் எடுத்துக் கீழே கொண்டுபோய்க் கொளுத்துவதாக ஏற்பாடு.

நான் குறுக்கே போய் நின்றேன். "பேச்சி, அது குருவிக் கூடு. சத்தியமா."

ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நான் வெளிப்படையாவே கேக்குதேன் மாமி. அது ஒங்க முடியா இல்லியா?"

"என் முடிதான்."

"அந்தக் காலண்டர் தாளு?"

"எங்காத்துக் காலண்டர்தான்."

"பொறவு என்னத்துக்குப் பேச்சு."

இவர் பனியனோடு ஓடி வந்தார். "பேச்சிம்மா, இது சாதாரண சிட்டு இல்லை. மலைக்காட்டுல மட்டும் இருக்கற ஜாதி. பொண்ணு இடுப்புல பாருங்கோ, ஒரு செவப்பு..."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. வீடே பற்றி எரிகிறபோது இந்த மனுஷனுக்கு இடுப்புச் சிவப்பு.

"சார், குருவி கூடு கட்டும்னு எனக்கும் தெரியும்," என்றாள் பேச்சி. அவள் குரல் உயரவில்லை. "மலைக்காட்டுக் குருவின்னு நீங்களே சொல்லுதிய. மலைய விட்டுட்டு அது என் வாசலுக்கு எதுக்கு வரணும்? இம்புட்டு வீடு இருக்க பில்டிங்குல, மாமி முடியாப் பாத்து, ராகுன்னு எழுதுன தாளாப் பாத்து எதுக்குப் பொறுக்கணும்? சொல்லுங்க. நான் என் மருமவளுக்காகக் கேக்குதேன்."

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு இன்றைக்கும் அதற்குப் பதில் தெரியாது.

இடுக்கிக்காரர் தயங்கி நின்றார். அந்த நேரம் பார்த்து, பாசேஜ் கம்பி வழியாக அது உள்ளே வந்தது. ஆண் சிட்டு. மாத்தேரானில் நான் நின்ற அத்தனை மரத்தடிக்கும் சேர்த்து ஒரே விநாடியில் பார்த்துவிட்டேன். பச்சை, ஊதா, அந்தச் சிவப்பு முதுகு. இத்தனை பேர் நிற்கிறார்களே என்ற எண்ணமே இல்லாமல் எங்கள் தலைகளுக்கு நடுவே போய்க் கூட்டைப் பற்றிக்கொண்டது. வாயில் ஒரு சின்னச் சிலந்தி. கூட்டின் வாசலில் மஞ்சளாக ஒரு வாய் திறந்தது, பக்கத்தில் இன்னொன்று.

"அத்தே, ருக்கோ, நில்லுங்க." செல்வி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். "உள்ள பச்சா இருக்கு, குஞ்சு இருக்கு."

பேச்சி கூட்டைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஓடியது எனக்குப் புரிந்தது. செல்வி உண்டானதிலிருந்து அந்த வீட்டில் கோழி அறுக்கவில்லை. கணேசனைப் பல்லி அடிக்கவிட மாட்டாள். பிள்ளைத்தாய்ச்சி வீட்டில் உயிர் போகக்கூடாது, போனால் அது வயிற்றைத் தாக்கும் என்பது அவள் கட்சி. கூட்டை வைத்திருந்தாலும் பயம், எடுத்தாலும் பயம்.

"இப்ப வேண்டாம் சாமி," என்றாள் கடைசியில். "புள்ளைக்காரி வாசல்ல வச்சு ஒரு உசுரு போவக் கூடாது."

வந்ததற்கு அவர் எலுமிச்சம்பழத்தை மட்டும் கயிற்றில் கோத்து, வயரின் மறுபக்கம் கட்டிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து ஆண் சிட்டு அந்தக் கயிற்றில்தான் உட்கார்ந்து இளைப்பாறியது.

கதவு திறக்கும் என்று எதிர்பார்த்தேன். திறக்கவில்லை. உயிர்ப்பலிக்குப் பயந்து கூட்டை விட்டுவைத்தாளே தவிர, என் மேல் விழுந்த சந்தேகம் அப்படியே இருந்தது.

மழை

குஞ்சுகள் ஒரு காலையில் பறந்து போயின. இவர் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அதைப் பார்த்தார், நான் ஓரக்கண்ணால் எதிர்க் கதவைப் பார்த்தேன். மழை தொடங்கியது. வெறும் கூடு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. பாசேஜில் நான் மட்டும் உட்கார்ந்து தலை வாரிப் பார்த்தேன். இரண்டு நாளில் அதையும் விட்டுவிட்டேன்.

ஒரு மத்தியானம் ரிக்‌ஷா வந்து நின்றது. செல்வியைக் கைத்தாங்கலாகப் பேச்சியும் கணேசனும் இறக்கிக்கொண்டு போனார்கள். நான் என் வாசலில் நின்றேன். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. செல்வி மட்டும் திரும்பிப் பார்த்தாள். அன்று நான் சாப்பிடவில்லை. மழையோடு மாட்டுங்கா கோயிலுக்குப் போய், இதுவரை எனக்காகக்கூட வேண்டிக்கொள்ளாத அளவுக்கு வேண்டிக்கொண்டேன். அதில் பாதி அந்தக் குழந்தைக்காக, பாதி எனக்காக. பிரித்துச் சொல்ல முடியாது.

மறுநாள் காலை போன் வந்தது. கணேசன். "மாமி, பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. அம்மா ஒங்கள ஒடனே வரச் சொல்லுது."

எதற்கு என்று கேட்கத் தைரியம் வரவில்லை. கட்டிய புடவையோடு கிளம்பினேன்.

ஆஸ்பத்திரி அறைக்குள் பேச்சி ஒரு நர்ஸோடு வாதாடிக்கொண்டிருந்தாள். கையில் சீனித்தண்ணீர்க் கிண்ணம், ஒரே ஒரு சொட்டுக்குக் கெஞ்சல். "சிஸ்டர், ஏக் பூந்த். பஸ் ஏக் பூந்த்."

"நஹி மௌசி. மா கா தூத், அவுர் குச் நஹி," என்று தாய்ப்பாலைத் தவிர எதற்கும் இடம் கொடுக்காமல் கிண்ணத்தை வாங்கி வைத்துவிட்டு நர்ஸ் போய்விட்டாள்.

பேச்சி என்னைப் பார்த்தாள். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு. "கையக் கழுவிட்டு வாங்க மாமி. சோப்புப் போட்டு."

கழுவிவிட்டு வந்தேன். அவள் செல்வியிடம் கேட்டு, தாய்ப்பாலையே ஒரு சொட்டு வெள்ளிக் கரண்டியில் வாங்கியிருந்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர்கள் பக்கத்தில் அதற்குச் சேனை வைப்பது என்று பெயர். பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் துளியை யார் தொட்டு வைக்கிறார்களோ, அவர்கள் குணம்தான் குழந்தைக்கு வரும் என்று நம்புவார்கள். குடும்பத்தில் யாரைக் கூப்பிடுவது என்று மாதக்கணக்கில் யோசிப்பார்கள். கூப்பிடாததற்காகச் சண்டை போட்டுப் பிரிந்த அண்ணன் தம்பிகள்கூட உண்டு.

"நானா?" என்றேன்.

"பொறவு யாரு? ஒங்க முடி வச்சுக் கட்டுன கூட்டுல குஞ்சும் பொழச்சுது, இவளும் நல்லபடியாப் பெத்துட்டா."

அவள் என் மணிக்கட்டைப் பிடித்து, விரலைக் கரண்டியில் தோய்த்து, குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள். உதடு பிரிந்தது. அத்தனூண்டு நாக்கு என் விரலை வந்து தொட்டது. எனக்குக் கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை. ஒரு கை குழந்தையிடம், இன்னொரு கையைச் செல்வி பிடித்துக்கொண்டிருந்தாள்.

பேச்சி என்னைப் பார்க்காமல் ஜன்னல் மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"கொணம் ஒங்களோடது வரட்டும் மாமி. வாயி மட்டும் அவ ஆச்சி, என்னோடது வந்தாப் போதும். பம்பாய்ல பொழைக்கணும்லா."